காசு கொடுத்துக் காசு வாங்குதல்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரிலே காசைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே, இவருக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். யாப்பிலக்கணம் படித்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். நாள், மலர், காசு, பிறப்பு என்று வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு வாய்பாடு சொன்னவர்கள், நாலில் ஒன்றாகக் காசையும் வைத்துத்தான் போயிருக்கிறார்கள். குறுந்தொகையின் அறுபத்தேழாம் பாட்டைப் பாடியவர் அள்ளூர் நன்முல்லையார். தலைவன் போன வழியிலே ஒரு கிளி, வளைந்த அலகினால் வேப்பம்பழம் ஒன்றைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தால், புது நூலிலே பொற்காசைக் கோக்கிறவனுடைய கூரிய நகங்களுக்கிடையில் அந்தக் காசு இருக்கிற மாதிரி இருக்கிறதாம். காசைக் கையில் வைத்து உற்றுப் பார்த்த ஒருவருக்குத்தான் இந்த உவமை வரும். சட்டைப் பையிலே போட்டுக் குலுக்கிக்கொண்டு திரிபவருக்கு வராது.

அப்படி உற்றுப் பார்ப்பதற்காகவே காசு வாங்குகிற ஒரு பொழுதுபோக்கைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். வங்கிக்குப் போய், தாள் காசைக் கொடுத்து, எண்ணிக் கட்டிய குற்றிக் காசை வாங்கிவந்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, வேண்டியதை வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் திரும்பவும் உலகத்துக்குள் விட்டுவிடுவது. இதுதான் தொழில். இலாபம் இல்லை, நட்டமும் இல்லை. ஐந்நூறு ரூபா கொடுத்து ஐந்நூறு ரூபா வாங்குகிறோம்.

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் என்னுடைய பெறாமகன். ரொறன்ரோவில் இருக்கிறார். ஒருநாள் தொலைபேசியிலே, "சித்தப்பா, நான் சனிக்கிழமையிலை காசு குடுத்துக் காசு வாங்கிறன்" என்றார். பிள்ளை ஏதோ வட்டித் தொழிலில் இறங்கிவிட்டது என்று நான் பயந்துபோனேன். பிறகு விளக்கினார். அங்கே வங்கிகளில் நாணயங்களைக் காகிதத்தில் இறுக்கிச் சுற்றி, குழல் மாதிரிக் கட்டி வைத்திருப்பார்களாம். இருபத்தைந்து சதக் குற்றி நாற்பது சேர்ந்தால் பத்து டொலர், அது ஒரு கட்டு. கட்டை உடைத்து ஆண்டு பார்க்கவேண்டும். கனடாவில் 1966ஆம் ஆண்டு வரையில் அடித்த பத்துச் சதம், இருபத்தைந்து சதம் எல்லாவற்றிலும் நூற்றுக்கு எண்பது பங்காவது வெள்ளி. அதன்பிறகு சிறிது காலத்துக்குள்ளேயே வெள்ளியை நிறுத்தி நிக்கலுக்குப் போய்விட்டார்கள். ஆகவே ஒரு கட்டில் ஒரு பழைய குற்றி இருந்தாலும் அது முகப்பெறுமதியைப் போலப் பல மடங்கு பெறும்.

அமெரிக்காவில் இது இன்னும் பெரிய விளையாட்டு. அங்கே 1964 வரைக்கும் அரை டொலர்க் குற்றியில் நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. 1965 முதல் 1970 வரை நாற்பது. அதற்குப் பின் வெள்ளியே இல்லை. அரை டொலரைக் கடையிலே அதிகம் பேர் புழங்குவதில்லையாதலால், பழையவை வங்கிக் கட்டுகளுக்குள்ளேயே கிடந்து உறங்குமாம். பெட்டிக் கணக்கில் வாங்கிவந்து மேசையில் கொட்டித் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வங்கியில் வாங்கினால் இன்னொரு வங்கியிலேதான் திருப்பிக் கட்டுவது அவர்களுக்குள்ளே ஒரு நாகரிகம். தேடி முடிந்த காசை அதே காசாளரிடம் கொண்டுபோய்க் கொட்டினால், அவர் திரும்ப எண்ணவேண்டும், நாமும் பார்த்த காசையே மறுபடி பார்க்கவேண்டி வரும். இதிலே பாதி மரியாதை, பாதி சுயநலம்.

கனடாவில் ஒரு சதக் குற்றியை 2013ஆம் ஆண்டு பெப்ரவரியோடு விநியோகிப்பதை நிறுத்திவிட்டார்கள். பெறாமகன் அந்த ஆண்டிலேதான் இதில் இறங்கினார். "இனி வராது எண்டவுடனை தான் பாக்கவேணும் எண்டு தோன்றினது" என்றார். அந்த வார்த்தைதான் என்னை எங்கள் ஊர் வங்கிக்கு நடத்திக்கொண்டு போனது.

எங்கள் வங்கிகளில் காகிதக் குழல் இல்லை. பொலித்தீன் பைதான். நூறு குற்றியாக எண்ணி வாயைக் கட்டி வைத்திருப்பார்கள். முதல் நாள் நான் மானிப்பாயில் வங்கிக்குப் போய் வரிசையில் நின்று, முறை வந்ததும் கேட்டேன்.

"பிள்ளை, அஞ்சு ரூபாக் குத்தியிலை ஒரு பை தாங்கோ."

"என்ன மாஸ்ரர், கடை ஏதும் போட்டிருக்கிறியளோ?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப கோயிலுக்கோ?"

"இல்லை. பாக்கிறதுக்கு."

காசாளர்ப் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு பையை எடுத்துத் தந்தது. எனக்குப் பின்னால் நின்றவர் அடக்கவில்லை. "மாஸ்ரருக்கு இப்பதான் காசைப் பாக்க ஆசை வந்திருக்கு" என்று வரிசை முழுவதற்கும் கேட்கச் சொன்னார். ஓய்வூதியக்காரனுக்குப் பொருத்தமான பகிடிதான்.

இப்பொழுது அந்தப் பிள்ளைக்கு என் விருப்பம் தெரியும். எந்த நாளில் போகக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஓய்வூதியம், சம்பளம் போடுகிற நாள்களில் இந்த வேலையோடு போவது மற்றவர்களுக்குச் செய்கிற அநியாயம். மத்திய வங்கியிலிருந்து புதிதாக வந்த பையும் நமக்கு உதவாது; எல்லாம் ஒரே ஆண்டு, ஒரே பளபளப்பு. நமக்கு வேண்டியது ஊருக்குள்ளே சுற்றி வந்த காசு. மினிபஸ் நடத்துநர் கட்டுகிற காசு நல்லது. சந்தைக் காசு அதைவிட நல்லது. எல்லாவற்றிலும் விசேஷம் கோயில் உண்டியல் காசு. திருவிழாவிலே வீட்டு முட்டிகள் உடையும். மூதாட்டிமார் நேர்த்திக்கு முடிந்து வைத்த சீலைத் தலைப்புகள் அவிழும். இருபது வருடம் வெளிச்சம் காணாத குற்றியெல்லாம் பிள்ளையாருக்கு முன்னால் வந்து விழும். உண்டியல் எண்ணி வங்கியில் கட்டிய கிழமை போகிறவருக்கு அதிர்ஷ்டம்.

பை வீட்டுக்கு வந்ததும் என்ன பார்ப்பது? முதலில் உலோகம். 1984இல் வந்த ஐந்து ரூபா உங்களுக்கு நினைவிருக்கும். தடித்தது, மஞ்சள் நிறம், கையிலே வைத்தால் காசு வைத்திருக்கிறோம் என்ற நிறைவு தரும். 2005இலே வந்த ஐந்து ரூபா பார்வைக்கு அதன் தம்பி மாதிரி. ஆனால் உள்ளே உருக்கு, வெளியே பித்தளை முலாம். பிள்ளைகளின் காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் தம்பி ஓடிப்போய் ஒட்டிக்கொள்வான், அண்ணன் அசையமாட்டான். உலோகத்தின் விலை காசின் விலையை நெருங்கியபோது அரசாங்கங்கள் எல்லாம் செய்கிற வேலை இது. 2017இல் வந்த வரிசை துருப்பிடிக்காத உருக்கு. ஒரு பையை மேசையில் கொட்டி நிறம் நிறமாகப் பிரித்து வைத்தால், நாட்டின் பொருளாதாரம் எப்படி இளைத்துக்கொண்டு வந்தது என்று கண்ணாலேயே காணலாம். அதற்கு அறிக்கை படிக்கவேண்டியதில்லை.

அடுத்தது எழுத்து. எங்கள் நாட்டில் பிரித்தானியர் ரூபா சதக் கணக்குக்கு வந்தது 1872இல். அதற்கென்று விக்ரோறியா மகாராணியின் தலையோடு அடித்த செப்புக் குற்றிகள் 1870ஆம் ஆண்டையே தாங்கியிருக்கின்றன. கால் சதம்கூட அப்பொழுது இருந்தது. மறுபுறத்திலே ஓலை விரித்த ஒரு மரம். அதன் இருபுறமும் பெறுமதி சிங்களத்திலும் தமிழிலும். அந்த மரம் என்ன மரம் என்று எங்கள் ஊர்ப் பிள்ளையைக் கேட்டால் யோசிக்காமல் பனை என்று சொல்லிவிடும். நான் திருத்தப் போவதில்லை. 1892இல் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதங்கள் வெள்ளியிலே வந்தன. 1909இல் வந்த ஐந்து சதம் சதுரம். இருட்டிலும் விரல் சொல்லும். யுத்த காலத்தில், 1943இல், இருபத்தைந்து சதமும் ஐம்பது சதமும் வெள்ளியை விட்டுப் பித்தளைக்கு இறங்கின. அரசர்களின் தலை போய் நாட்டின் சின்னம் வந்தது 1963இல். தலை மாறினாலும், சட்டம் மாறினாலும், மொழியைப் பற்றி எத்தனை சண்டை நடந்தாலும், குற்றியிலே தமிழ் எழுத்து இருந்துகொண்டே வந்திருக்கிறது. 1956க்குப் பின்னரும் அப்படித்தான். பாராளுமன்றத்தில் கிடைக்காத ஆசனம் ஐந்து சதத்திலே கிடைத்தது என்று ஒரு நண்பர் கசப்போடு சொல்வார்.

இந்தப் பழைய குற்றிகள் பைக்குள்ளே வராது. ஆகவே சிலருக்குப் பொறுமை கெட்டு, பழங்காசு விற்பவரைத் தேடிப் போகிறார்கள். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

மானிப்பாயிலிருந்து கந்தரோடை சைக்கிளிலே போகிற தூரம். யாழ்ப்பாணத்தில் நீதிபதியாக இருந்த போல் ஈ. பீரிஸ் அங்கே நிலத்தை அகழ்ந்து பார்த்து, 1917இலும் 1919இலும் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை இதழில் கட்டுரை எழுதினார். வட இந்தியாவில் அச்சுக் குத்திய மிகப் பழைய வெள்ளிக் காசு, உரோமருடைய செப்புக் காசு, இலட்சுமியின் உருவம் பொறித்த தகடு எல்லாம் அந்த மண்ணிலே கிடைத்திருக்கின்றன. ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசு நந்தியும் பிறையும் சேது என்ற தமிழ்ச் சொல்லும் கொண்டது. ஒல்லாந்தர் காலத்திலே யாழ்ப்பாணத்துக்கென்று தனி அடையாள எழுத்து வைத்துச் செப்புக் காசு அடித்திருக்கிறார்கள். அதில் வி.ஓ.சி. என்ற மூன்று எழுத்துகள் பின்னிக் கிடக்கும். உடனே கப்பலோட்டிய தமிழரை நினைத்துவிடாதீர்கள், அது ஒல்லாந்தக் கம்பனியின் பெயர்ச் சுருக்கம். கொட்றிங்ரன் 1924இலும் முதலியார் இராசநாயகம் 1926இலும் இவற்றைப் பற்றி எழுதினார்கள். எங்கள் காலத்தில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தனி நூலே எழுதியிருக்கிறார்.

இவ்வளவு எழுத முடிந்ததற்குக் காரணம், அந்தக் காசுகளில் ஒரு பகுதியாவது எங்கே கிடைத்தது என்று தெரிந்திருந்ததுதான். எந்த ஊர், எந்தக் காணி, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் என்ன மட்பாண்டம் என்று தெரிந்தால், ஒரு செல்லரித்த செப்புத் துண்டு அந்த மண்படைக்கே வயது சொல்லும். அதையே ஒருவர் இரவிலே கிண்டியெடுத்து, புளி போட்டு மினுக்கி, பத்துக் கை மாறி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அது ஊமை. சேது என்ற சொல்லைப் படிக்கலாம். அதற்கு மேல் அது எதுவும் பேசாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருள் தொல்பொருள். மண்ணுக்குள் கிடப்பது அரசுக்குரியது. சட்டத்தை விடுங்கள். எங்கள் பழமைக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு நாங்களே மேடை மேடையாகப் பேசுகிறோம். அந்த ஆதாரத்தைக் கிண்டி விற்கிறவருக்கு ஆயிரம் ரூபா கொடுத்து உற்சாகப்படுத்துவதும் நாங்களேயானால் யாரிடம் போய் முறையிடுவது? என்னிடம் சேதுக் காசு ஒன்றும் இல்லை. இரண்டு முறை கொண்டுவந்து காட்டினார்கள். கிடைத்த இடத்தைக் கேட்டேன். பதில் வரவில்லை. காசும் திரும்பிப் போய்விட்டது.

வங்கிப் பையிலே இந்தத் தொல்லை கிடையாது. அந்தக் காசு எங்கே கிடைத்தது என்று எனக்குத் தெரியும். கொப்பியிலே எழுதி வைக்கிறேன்: இன்ன திகதி, இன்ன ஊர் வங்கி, இத்தனை குற்றியில் இத்தனை இன்ன ஆண்டு. கந்தரோடையில் எழுதப்படாமல் போன குறிப்பை எங்கள் காலத்துக் காசுக்காவது எழுதிவிட்டுப் போகலாம் என்ற எண்ணம்தான்.

அந்தக் கொப்பியிலே ஒரு வேடிக்கை உண்டு. 2013ஆம் ஆண்டு பொறித்து மத்திய வங்கி பத்து ரூபாவில் ஒரு வரிசை வெளியிட்டது. இருபத்தைந்து மாவட்டத்துக்கும் இருபத்தைந்து குற்றி. பையாகப் பை வாங்கி நான் சேர்க்கத் தொடங்கினேன். அம்பாந்தோட்டை வந்தது, மாத்தறை வந்தது, மொனராகலை வந்தது. மாத்தறை ஐந்தாறு தரம் வந்தது. யாழ்ப்பாணம் மட்டும் வரவில்லை. பதினெட்டுப் பை பார்த்தும் இல்லை. காரணத்தை யோசித்தால் சிரிப்பு வரும். யாழ்ப்பாணக் குற்றி யாழ்ப்பாணத்தில் யார் கையில் அகப்பட்டாலும் அவர் அதைச் செலவழிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெயர் என்று எடுத்து வைத்துவிட்டார். வங்கிக்கு எங்கே வரும்?

என் பழைய மாணவர் ஒருவர் மாத்தறையில் வேலை பார்க்கிறார். அவர் மூலமாக அங்கே ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் பழக்கமானார். அவரும் இதே விசர் பிடித்தவர். அவருக்கு மாத்தறைக் குற்றி கிடைக்கவில்லை, யாழ்ப்பாணம் மூன்று கிடந்தது. நான் மாத்தறை இரண்டை மட்டையில் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவர் யாழ்ப்பாணம் இரண்டை அனுப்பினார். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. உறையின் மேலே என் பெயரை மட்டும், குற்றியிலுள்ள எழுத்தைப் பார்த்து எழுதிப் பழகியவர் மாதிரி, கோணல்மாணலான தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார். அந்த உறையையும் வைத்திருக்கிறேன். தபாற்கட்டணம் நாணயங்களின் பெறுமதியைவிடக் கூட என்று வீட்டிலே கணக்குச் சொன்னார்கள். உண்மைதான்.

இனி நினைவுக் குற்றிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒவ்வோர் அரசாங்கமும் தான் பெருமைப்படுகிற விஷயத்தைக் காசிலே அடித்து ஊருக்கு அனுப்பும். 1976இல் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாட்டுக்கு இரண்டு ரூபாவும் ஐந்து ரூபாவும் வந்தன. 1981இல் மகாவலி அணைக்கட்டு இரண்டு ரூபாவில் வந்தது. 1987இல் வந்த பத்து ரூபா, வீடற்றோருக்கு உறைவிடம் தேடும் சர்வதேச ஆண்டுக்கானது. அந்த ஆண்டிலே குடாநாட்டில் வீடு விட்டு ஓடியவர்கள் அதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

1981இலேயே ஐந்து ரூபாவும் ஒன்று வந்தது. சர்வசன வாக்குரிமைக்கு ஐம்பது வயது என்று அது சொல்கிறது. டொனமூர் ஆணைக்குழுவின் வழியாக 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு வந்தது பெரிய விஷயம், மறுக்கமுடியாது. ஆனால் அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணத்தார் புறக்கணித்தார்கள். பூரண சுயராச்சியம் இல்லாத அரசியற்றிட்டம் வேண்டாமென்று வாலிபர் காங்கிரஸ் சொன்னது. வடக்கிலே நாலு தொகுதிகள் வெறுமையாகவே கிடந்து, 1934இலேதான் நிரப்பப்பட்டன. அது சரியா பிழையா என்று இன்றும் வாதாடலாம். அதைவிட எனக்கு அந்தக் குற்றியிலுள்ள ஆண்டு முக்கியம். 1981 என்று பொறித்திருக்கிறது. அந்த ஆண்டு மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் என்பார்கள். அப்பொழுது எனக்கு இருபது வயது. சாம்பல் ஆறியபின் போய்ப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அந்த ஆண்டு இலக்கத்தோடு ஒரு குற்றி கைக்கு வந்தபோது செலவழிக்க மனம் வரவில்லை. என் சேகரிப்புத் தொடங்கியது அந்தக் குற்றியிலேதான். பிறகு மகாவலி வந்து சேர்ந்தது, 1976இன் சோடி வந்தது. ஒரு பால்மாப் பேணி முக்கால்வாசி நிறைந்தது.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்திலிருந்து எல்லோரும் வெளியேற வேண்டும் என்ற அறிவித்தல் வந்த மாலை. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் விரிக்கவில்லை. மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தும் நகராமலும் சனம். சைக்கிள் கரியரில் ஒரு பை, முன் பாரில் சின்ன மகள். மனைவி கடைசி நேரத்தில் கையில் எடுத்த சாமான்களுக்குள் அந்தப் பேணியும் இருந்தது. தென்மராட்சியிலே போய் ஒதுங்கிய நாள்களில் எங்களிடம் இருந்தது ஆயிரம் ரூபாத் தாளும் ஐந்நூறு ரூபாத் தாளும். மாற்றித்தர ஆளில்லை. பிளேன்ரீ விற்ற மனுசியிடமும் சில்லறை இல்லை, பணிசு விற்ற பொடியனிடமும் இல்லை. மனைவி பேணியைத் திறந்தா. நான் ஒன்றும் சொல்லவில்லை. அணிசேரா மாநாடு இரண்டு பிளேன்ரீக்குப் போனது. மகாவலி பணிசுக்குப் போனது. வாக்குரிமை ஐந்து ரூபா, மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது எதற்கோ போனது. எதற்கென்று மனைவிக்கு நினைவிருக்கிறது, எனக்கு இல்லை. ஆறு மாதம் கழித்து நாங்கள் மானிப்பாய்க்குத் திரும்பி வந்தபோது பேணியில் எஞ்சியது சதக் காசு மட்டும். அதற்கு அப்போதே ஒன்றும் வாங்கமுடியாது.

காசு காசாகச் செலவானதில் எனக்கு வருத்தம் இல்லை. பெட்டியில் பூட்டிய நாணயம் பிள்ளைக்குப் பணிசு வாங்கியிராது. ஆனால் பெறாமகன் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோது எனக்கு உடனே தோன்றியது இதுதான்: செலவழித்த காசு அழியவில்லை. அந்தப் பிளேன்ரீ மனுசி அதை வேறொருவரிடம் கொடுத்திருப்பா. அவர் ஒரு கடையில், கடைக்காரர் ஒரு கோயிலில், கோயில் ஒரு வங்கியில். எங்கேயோ ஒரு பையில் அது இருக்கலாம். அதே குற்றிதானா என்று அடையாளம் சொல்லமுடியாது. அதே ஆண்டு, அதே முத்திரை என்றால் எனக்குப் போதும்.

வாக்குரிமை ஐந்து ரூபா போன வருடம் வந்தது, கோயில் காசு கட்டிய கிழமை வாங்கிய பையில், எண்பத்தோராவது குற்றியாக. விளிம்பு தேய்ந்து, நடுவிலே ஒரு கீறலோடு. மனைவிக்குக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்கடை இல்லை" என்றா. எப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

இளம் நேயர்களுக்கு இரண்டு வார்த்தை. கிடைத்த குற்றியை ஒருபோதும் மினுக்காதீர்கள். புளியும் சாம்பலும் குத்துவிளக்குக்கு. காசிலே தேய்த்தால் மேற்பூச்சோடு பெறுமதியும் போய்விடும். வேண்டாத குற்றிகளை வீட்டிலே முடக்கி வைக்கவும் வேண்டாம். கடைக்காரர் மிச்சக் காசுக்கு ரொபி தருவதற்கு நாங்களும் காரணமாகக்கூடாது. தேடி முடிந்த பையை நான் சந்தை மரக்கறிக்காரரிடம் கொண்டுபோய்த் தாளாக மாற்றிக்கொள்கிறேன். அவருக்குச் சந்தோஷம். இன்னொன்று, இதற்கு அதிக காலம் மிச்சமில்லை. 2022இன் நெருக்கடிக்குப் பிறகு ஒரு ரூபாவை நிலத்திலே கண்டால் குனிந்து எடுப்பவர் குறைவு. சதங்கள் போன வழியிலே இந்த ரூபாக்களும் போய்க்கொண்டிருக்கின்றன. பையும் முன்னைப்போல ஊர்க்காசாக வருவதில்லை. பத்தில் நாலு பை புதுக்காசு.

எனக்கு இன்னும் வரவேண்டியது மகாவலி இரண்டு ரூபாவும் 1976இன் சோடியும். எங்கள் மருதடிப் பிள்ளையாருக்குச் சித்திரை வருடப் பிறப்போடு திருவிழா முடியும். அடுத்து வருகிற கிழமையில், ஓய்வூதிய நாளாக இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, காலை ஒன்பது மணிக்கு வங்கி வாசலில் நிற்கவேண்டும். இரண்டு ரூபாவில் இரண்டு பை எடுத்து வைக்கும்படி அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.